கிளம்பும்போது ‘டொக்’ என்று சத்தம்: மேனுவல் காரில் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விடுகிறீர்கள். வண்டி நகரத் தொடங்கும் அந்த நொடியில் காலுக்கடியில் எங்கேயோ ‘டொக்’ என்று ஓர் அடி. அப்புறம் ஒன்றுமில்லை, வண்டி சுகமாக ஓடுகிறது. அடுத்த சிக்னலில் நின்று கிளம்பினால் மறுபடியும் அதே ‘டொக்’.

இதே சத்தத்துக்காக என் காரில் ஒருமுறை கிளட்ச் செட் முழுவதையும் மாற்றினார்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றி, இரண்டு நாள் வேலை. வண்டியை எடுத்துக்கொண்டு பணிமனை வாசலைத் தாண்டும்போதே ‘டொக்’. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, பானெட்டைத் திறந்துவைத்துப் பார்த்தேன். கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் எஞ்சின் மொத்தமும் பின்பக்கம் சாய்ந்து எதன்மீதோ இடித்து நின்றது. பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துத் தேடியதில், எஞ்சினை வண்டியின் உடலோடு பிணைக்கும் சின்னக் கம்பி (டார்க் ராட்) ஒன்றின் ரப்பர் புஷ் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) கண்ணில் பட்டது. எஞ்சின் சாயும்போது அந்த ரப்பரில் இருந்த வெடிப்பு வாய் போலத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. இரண்டு போல்ட், முக்கால் மணி நேர வேலை. சத்தம் போயே போய்விட்டது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் ஒரு வரிசையை விடாமல் கடைப்பிடிக்கிறேன். எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கணத்தில் சத்தம் வருகிறது என்று கேட்க வேண்டும். கணம் பிடிபட்டுவிட்டால் பாகம் தானாக வெளியே வரும். ஸ்பேனரைத் தொடாமலேயே பாதிக்கு மேல் சந்தேகங்களைக் கழித்துவிடலாம்.

கிளம்பும்போது மட்டும் ஏன்?

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை சக்தி பல கைகள் மாறிப் போகிறது: கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் (சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி), டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி). ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘பிளே’ என்பார்கள். வண்டி நிற்கும்போது இந்த இடைவெளிகள் எல்லாம் தளர்ந்து கிடக்கும். கிளட்ச் பிடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். தொய்ந்து கிடக்கும் கயிற்றைச் சட்டென்று இழுத்தால், விறைக்கும் கணத்தில் ஒரு வெட்டு விழுமே, அதே கதைதான். தேய்ந்த பாகம் இருந்தால் தொய்வு அதிகம், வெட்டும் பலம்.

அதோடு முதல் கியரில் கிடைக்கும் முறுக்குவிசை சாதாரணமானதல்ல. எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 3.5 மடங்காக்கும், கடைசிப் பல்சக்கரம் இன்னும் 4 மடங்காக்கும். சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 1400 நியூட்டன் மீட்டர். முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கட்டு. அதனால் சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அந்தக் கட்டு முழுவதும் அதே அளவு விசையோடு எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது மூன்று நான்கு ரப்பர் மவுண்ட்கள்தான். இந்த வகைக் கார்களில் நான் முதலில் மவுண்டைச் சந்தேகிப்பது இதனால்தான். பின்சக்கர இழுவை வண்டியில் கதை வேறு. அங்கே எஞ்சின் மவுண்டுக்கு வருவது கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் 350 மட்டுமே, பின்சக்கரங்களைச் சுழற்றும் விசையின் எதிர்வினையைப் பின் ஆக்ஸிலும் அதன் புஷ்களும் தாங்குகின்றன. ஆகவே அங்கே தேடலைப் பின்னாலிருந்து தொடங்குவது நல்லது.

எதற்கும் முன்னால்: சக்கர நட்டுகள்

சமீபத்தில் டயர் மாற்றினீர்களா, பஞ்சர் ஒட்டினீர்களா? அப்படியானால் வேறு எதையும் யோசிக்காமல் நான்கு சக்கர நட்டுகளையும் இப்போதே சரிபாருங்கள். தளர்ந்த சக்கரம் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் ‘டக்’ என்று அடிக்கும். நட்டைச் சுற்றித் துரு நிறத்தில் கோடு வழிந்திருப்பதும், ரிம்மின் துளை ஓரம் பளபளவென்று தேய்ந்திருப்பதும் இதன் அடையாளம். துளை நீள்வட்டமாகியிருந்தால் நட்டை இறுக்கினால் போதாது, ரிம்மையே மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் சோதனை ஓட்டம் போகாதீர்கள்.

முதல் படி: வண்டியைக் காலி செய்யுங்கள்

டிக்கியில் உள்ளதை எல்லாம் இறக்குங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்கிட், இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் இருக்கும் சில்லறை. பேட்டரியைக் கையால் அசைத்து, அதன் கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் கிளிப்புகளையும் தொட்டுப் பாருங்கள். அற்பமாகத் தோன்றும். ஆனால் கிளம்பும்போது வண்டியின் மூக்கு தூக்கும், டிக்கியில் தளர்வாகக் கிடக்கும் ஜாக்கி ஒரே ஒரு முறை பின்னால் நகர்ந்து இடிக்கும். கேட்பதற்கு அது சஸ்பென்ஷன் சத்தம் போலவே இருக்கும்.

இரண்டாம் படி: சத்தத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில், ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பத்துப் பதினைந்து முறை நின்று கிளம்பிப் பாருங்கள். கிளம்புதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் ஐந்தாறு தனித்தனிச் செயல்கள். அவற்றில் எதில் சத்தம் விழுகிறது என்று கவனியுங்கள்.

கிளட்ச் முழுக்க அழுத்தியிருக்கும்போது, கியரை நுழைக்கும் நேரத்திலேயே ‘டக்’ என்றால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். ஹேண்ட் பிரேக்கையோ கால் பிரேக்கையோ விடும் கணத்தில் என்றால் பிரேக் பக்கம் பாருங்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும்போது, வண்டி இன்னும் நகராத நிலையில் என்றால் மவுண்ட், சைலன்சர், டிரைவ் ஷாஃப்ட். வண்டி அரை அடி நகர்ந்த பிறகு என்றால் சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பந்து மூட்டு), சக்கரம். கிளம்பிய பின் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கும்போது இன்னொரு ‘டொக்’ வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று இரட்டையாக வந்தால், ஏதோ ஒன்று இரு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகு முதல் முறை மட்டும், மெல்ல வேகம் எடுக்கும்போது ஒரு சின்ன ‘கிர்ர்–டக்’ கேட்டு, மறுபடி எஞ்சினை அணைக்கும் வரை வரவே இல்லையென்றால், பல கார்களில் அது ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம். அதை விட்டுவிடலாம்.

சத்தத்தின் குணமும் உதவும். கனத்த, ஒற்றை, காலில் அதிரும் ‘டொம்’ என்றால் ரப்பர் போன மவுண்ட் அல்லது புஷ். கூர்மையான உலோக ‘டங்’ என்றால் கிராஸ் ஜாயிண்ட் (பின்சக்கர இழுவை வண்டியின் நீளத் தண்டில் இருக்கும் சிலுவை மூட்டு), ஸ்பிளைன் (தண்டின் மேல் வெட்டிய பல்வரிசை இணைப்பு), இல்லையென்றால் சைலன்சர் குழாய் எதன்மீதாவது படுவது. ஸ்டியரிங்கைத் திருப்பிக் கிளம்பும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சக்கரச் சுழற்சியோடு சேர்ந்து வந்தால், அது வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் வளையும் மூட்டு) என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வண்டி முழுவதும் உதறிக்கொண்டு கிளம்பினால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே அல்ல. எண்ணெய் பட்ட கிளட்ச் பிளேட்டோ சீரற்றுத் தேய்ந்த பிளேட்டோ அப்படி உதற வைக்கும். ஆனால் தளர்ந்த மவுண்டும் அதைப் பெரிதாக்கும் என்பதால் மவுண்டை முதலில் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

காதை மட்டும் நம்பாதீர்கள். இரும்பு வழியாகச் சத்தம் வெகுதூரம் போகும், இடப்பக்கம் அடிப்பது வலப்பக்கம் கேட்கும். உடம்பு சொல்வதையும் கேளுங்கள். கியர் ராடில் கையை லேசாக வைத்திருங்கள்: அடி விழும்போது ராடும் முன்பின்னாக ஒரு துள்ளல் துள்ளினால் எஞ்சின் கட்டு ஆடுகிறது. ஸ்டியரிங்கில் அதிர்ந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கீழ்க் கை), பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் ராக். பிரேக் பெடலில் அதிர்ந்தால் பிரேக் பேட். முதுகுக்குப் பின்னால் அடித்தால் பின் ஆக்ஸில்.

மூன்றாம் படி: தள்ளிப் பார்ப்பது

செலவே இல்லாத சோதனை, ஆனால் செய்பவர்கள் குறைவு. எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, நியூட்ரலில் போடுங்கள். ஒருவர் உள்ளே பிரேக்கில் கால் வைத்தபடி உட்காரட்டும். சமதளத்தில் வண்டியை இரண்டு மூன்று அடி முன்னால் தள்ளுங்கள், பிரேக் போட்டு நிறுத்துங்கள், பின்னால் தள்ளுங்கள், மறுபடி பிரேக். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பெடல் கல் போல இறுகும் என்பதை உள்ளே இருப்பவர் தெரிந்திருக்க வேண்டும். சரிவில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

இப்படித் தள்ளும்போதே சத்தம் வந்துவிட்டால் எஞ்சின் மவுண்ட், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒரே அடியாகக் கழித்துவிடலாம். இழுவிசையே இல்லாமல் வரும் சத்தம் பிரேக்கிலோ சக்கரத்திலோ சஸ்பென்ஷனிலோதான் இருக்கும். தள்ளும்போது வராமல் எஞ்சின் இழுக்கும்போது மட்டும் வந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

திசை மாறிய பிறகு போடும் முதல் பிரேக்கில் மட்டும் ‘டக்’ என்று கேட்டு, அதே திசையில் அடுத்தடுத்த பிரேக்கில் கேட்கவில்லையென்றால், பிரேக் பேட் காலிபர் பிராக்கெட்டுக்குள் (பேடைத் தாங்கும் சட்டம்) நகர்ந்து ஒரு ஓரத்தில் இடிக்கிறது. பேடைப் பிடிக்கும் மெல்லிய தகட்டு கிளிப்புகள் தேய்ந்திருக்கும், அல்லது முந்தைய சர்வீஸில் யாரோ போட மறந்திருப்பார்கள். இரவு முழுவதும் மழையில் நின்ற கார் காலையில் முதல் முறை கிளம்பும்போது மட்டும் ‘டப்’ என்றால், ஹேண்ட் பிரேக்கில் பிரேக் ஷூவோ பேடோ துருவில் ஒட்டிக்கொண்டு விடுபடுகிறது. தினமும் இப்படி என்றால் பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். எப்போதாவது என்றால் கவலை வேண்டாம்.

நான்காம் படி: எஞ்சினை ஆடவிட்டுப் பார்ப்பது

என் காரில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்த சோதனை இதுதான். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அலட்சியமாகச் செய்தால் ஆபத்து.

காரின் முன்னாலும் பின்னாலும் ஐந்து மீட்டருக்காவது காலி இடம் வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுங்கள். ஓட்டத் தெரிந்த, நிதானமான ஒருவர் இருக்கையில் இருக்க வேண்டும்: வலது கால் பிரேக்கில் அழுத்தமாக, இடது கால் கிளட்சில். பார்ப்பவர் நிற்க வேண்டிய இடம் சக்கர வளைவின் பக்கம். காருக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. தொங்கும் உடை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் வரக்கூடாது. காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்கும் சோதனை இது அல்ல.

எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். முதல் கியர். கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் தாழும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, உடனே மறுபடி அழுத்த வேண்டும். ஆக்சிலரேட்டர் தேவையில்லை. எஞ்சின் நின்றுபோனாலும் பாதகமில்லை. பிறகு ரிவர்ஸில் அதையே செய்யுங்கள். முதல் கியரில் குறுக்காக வைத்த எஞ்சினின் தலை பின்னால் சாயும், ரிவர்ஸில் முன்னால் சாயும். ஒவ்வொன்றையும் நாலைந்து முறைக்கு மேல் செய்ய வேண்டாம், கிளட்ச் பிளேட் சூடாகும்.

எஞ்சின் கொஞ்சம் சாய்வது இயல்பு. எவ்வளவு சாய்கிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதைப் பாருங்கள். நல்ல மவுண்ட் என்றால் தலையணையில் சாய்வது போல மெல்ல அமுங்கி நிற்கும். கெட்ட மவுண்ட் என்றால் தடையில்லாமல் போய், கடைசியில் ‘டொக்’ என்று இடித்து வெட்டென்று நிற்கும். அந்த வெட்டுதான் நாம் தேடுவது. கைப்பேசியில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். கண் தவறவிடுவதை அது பிடித்துவிடும். எந்த மூலையில் இரும்பு இரும்பைத் தொடுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

ரிவர்ஸில் மட்டும் சத்தம் வந்தால் முன்பக்கம் தாங்கும் மவுண்டையும், முன்னோக்கி மட்டும் வந்தால் பின்பக்க மவுண்டையும் டார்க் ராடையும் முதலில் பாருங்கள். திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுண்ட் வைத்த கார்களில், மவுண்டைச் சுற்றிக் கருமையான ஈரக் கசிவு இருந்தால் அது முடிந்துபோனதென்று அர்த்தம். இப்படிப்பட்ட கார் ஐடிலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் அதிரும்.

அப்புறம் சைலன்சர் குழாய். எஞ்சின் சாயும்போது அதோடு சேர்ந்து குழாயும் அசையும். தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்திருந்தாலும் குழாய் அடித்தளத்தில் இடிக்கும். இடிக்கும் இடத்தில் துருவும் அழுக்கும் போய்ச் சிறு நாணயம் அளவுக்கு வெள்ளி போல மின்னும் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைக் கண்டுவிட்டால் தேடல் முடிந்தது.

ஐந்தாம் படி: டிரைவ் ஷாஃப்ட்டும் அதற்கு அப்பாலும்

மவுண்ட் சரி, சைலன்சரும் சரி என்றால் சக்தி போகும் பாதையில் நடக்க வேண்டும். முதலில் ஓட்டிப் பார்ப்பது. காலியான சாலையில் இரண்டாம் கியரில் மெல்லப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதியுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ‘டக்’ என்றால் பாதையில் பிளே அதிகம். ஒரு திடலில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம். வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் போயிருந்தால் ‘டிக் டிக்’ இங்கே தெளிவாகக் கேட்கும். உள்பக்க ஜாயிண்ட்டின் குணம் வேறு. அது நேராகக் கிளம்பும்போதே ஒரு ‘டொக்’ கொடுக்கும், வேகம் எடுக்கும்போது வண்டியில் பக்கவாட்டு நடுக்கம் இருக்கும், காலை எடுத்ததும் அது அடங்கும்.

இப்போது ஜாக்கி போடும் நேரம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே போக வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஒரு பக்க முன்சக்கரத்தைத் தூக்கி, முதல் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் சிறிதளவு திருப்புங்கள். கியர், டிஃபரென்ஷியல், ஸ்பிளைன் எல்லாவற்றின் இடைவெளியும் சேர்ந்து கொஞ்சம் ஆட்டம் இருக்கவே செய்யும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மறுபக்கச் சக்கரத்தையும் இதேபோலத் திருப்பி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆட்டம் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்க ஷாஃப்ட்டில் பிரச்சினை. ஒரு கையால் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைத் திருப்பினால், ஆட்டம் எந்த ஜாயிண்ட்டில் பிறக்கிறது என்று விரலிலேயே தெரியும்.

சி.வி. ஜாயிண்ட்டின் ரப்பர் உறையைச் சுருக்கம் சுருக்கமாக விரித்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் சக்கரத்தின் உட்புறத்தில் கரிய கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கும். கிழிசல் புதிது, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் உடனே கழுவி, மாலிப்டினம் கிரீஸ் நிரப்பிப் புது உறை போட்டு ஜாயிண்ட்டைக் காப்பாற்றிவிடலாம். சத்தம் வந்த பிறகு உறை மாற்றிப் பயனில்லை.

ஹப்பின் நடுவில் இருக்கும் பெரிய நட் தளர்ந்திருந்தாலும் கிளம்பும்போது கூர்மையான ‘டக்’ வரும். டிரைவ் ஷாஃப்ட் மாற்றிய சில நாளில் சத்தம் தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த நட்டைக் கை அளவில் இறுக்கக்கூடாது. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும். பல கார்களில் ஒருமுறை கழற்றினால் புது நட்தான் போட வேண்டும்.

பின்சக்கர இழுவை வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டு) கையால் பிடித்து இடம் வலமாக முறுக்குங்கள், மேலும் கீழும் ஆட்டுங்கள். கிராஸ் ஜாயிண்ட்டின் கப்பைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இன்றிக் காய்ந்துவிட்டது. நீளும் குறுகும் ஸ்பிளைன் காய்ந்திருந்தால், வண்டி நின்ற கணமோ கிளம்பிய கணமோ ஒரு ‘டங்’ கொடுத்து அடங்கும். கிரீஸ் அடித்தாலே இது பல நேரம் தீர்ந்துவிடும், அதனால் எதையும் கழற்றுமுன் கிரீஸ் துப்பாக்கியை எடுங்கள். நடு பேரிங்கின் ரப்பர், கட்டு வில் (லீஃப் ஸ்பிரிங்) வைத்த வண்டியில் யூ போல்ட், வில்லின் புஷ், டிஃபரென்ஷியல் ஆயில் அளவு ஆகியவையும் இங்கேயே முடித்துவிட வேண்டியவை. இவையெல்லாம் சரியாக இருந்து, ஷாஃப்ட்டைத் திருப்பும்போது டிஃபரென்ஷியலுக்குள்ளிருந்து ‘கடக்’ என்று கேட்டால், கிரவுன் பினியன் (அதற்குள் ஒன்றோடொன்று பொருந்தும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) இடைவெளி கூடியிருக்கிறது. அதை அளந்து சரிசெய்யும் கருவியும் அனுபவமும் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: சஸ்பென்ஷன் புஷ்கள்

சக்கரம் தரையை உந்தும்போது அந்த உந்தலை வண்டியின் உடலுக்குக் கடத்துவது லோயர் ஆர்ம். அதன் பின்பக்கப் பெரிய புஷ் கிழிந்திருந்தால், கிளம்பும்போது சக்கரம் முன்னால் ஓடி இடிக்கும், பிரேக் போட்டால் பின்னால் ஓடி இடிக்கும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரே மாதிரி அடி என்றால் இதை நினையுங்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் புஷ்ஷைப் பார்ப்பது. தொங்கும் நிலையில் ரப்பர் முறுக்கேறி இறுகிக் கிடக்கும், கிழிசல் மூடியிருக்கும். சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது, குழியிலோ ராம்ப்பிலோ வைத்து, நெம்புகோலை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்ட்டையும் அப்படியே. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பேரிங்கிலிருந்தா பால் ஜாயிண்ட்டிலிருந்தா என்று தெரிய, ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக்கில் ஆட்டம் மறைந்தால் அது பேரிங்.

சுருள் வில்லின் கடைசிச் சுற்று உடைந்திருப்பதும் நடக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பிக் கிளம்பும்போது ‘டொய்ங்’ என்று கம்பி அறுந்தாற்போல ஒரு ஒலி. உடைந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் என்பதால் விளக்கடித்து, இரு பக்க வில்லின் முனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) போல்ட்களில் ஸ்பேனர் வைத்து இறுக்கம் பார்ப்பதும் இந்தப் படியில்தான், குறிப்பாகக் கிளட்ச் வேலை முடிந்து வந்த வண்டியில். நிறையக் கார்களில் கியர்பாக்ஸை இறக்க சப்ஃபிரேமைத் தளர்த்துவார்கள்.

கடைசியாகக் கிளட்சும் ஃப்ளைவீலும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பார்க்கவே கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதுதான். ஆனாலும் வெளியிலிருந்தே சில தடயங்கள் கிடைக்கும். நியூட்ரலில் ஐடில் ஓடும்போது ‘லொட லொட’ என்று கேட்டு, கிளட்ச் அழுத்தினால் நின்றால், இரட்டை நிறை ஃப்ளைவீலோ (எஞ்சினின் அதிர்வைத் தணிக்க இரண்டு பாகமாகச் செய்த கனத்த சக்கரம்) கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்கோ. எஞ்சினை அணைக்கும்போது கடைசி உதறலில் ‘கட கட’ என்றால் ஃப்ளைவீல் பக்கம் தராசு சாய்கிறது. கிளட்ச் அழுத்தும்போதுதான் இரைச்சல் வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்). கிளட்ச் பிளேட்டின் நடுவில் அதிர்ச்சி தாங்கும் சின்ன வில்கள் உண்டு. ஒன்று உடைந்தாலும் பிடிக்கும் கணத்தில் ‘டக்’ வரும். கியர்பாக்ஸை இறக்கினால் இதையும் கையால் அழுத்திப் பார்க்க மறக்காதீர்கள்.

கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்பதற்குச் சோதனை எளிது. நியூட்ரலில், கிளட்சை முழுவதும் அழுத்தி ஐந்து நொடி எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு காத்திருந்த பிறகும் ‘கர்ர்’ என்று பல் கடித்தால் கிளட்ச் இழுக்கிறது. கேபிள் சரிசெய்ய வேண்டும், அல்லது ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காத்திருந்தால் வராமல், அவசரமாகப் போட்டால் மட்டும் வந்தால் கிளட்சைக் குறை சொல்ல வேண்டாம். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் நுழையுமுன் இரு பக்க வேகத்தையும் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, உள்ளே சுழல்வது நிற்க இரண்டு மூன்று நொடி தேவை.

எப்போது வண்டியை ஓட்டக் கூடாது?

தேய்ந்த மவுண்டோடு மெல்ல ஓட்டிப் பணிமனைக்குப் போகலாம். ஆனால் பால் ஜாயிண்ட்டில் ஆட்டம், தளர்ந்த ஹப் நட், டயரைத் தொடும் உடைந்த வில், தளர்ந்த சப்ஃபிரேம் போல்ட், வெகுவாக ஆடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்றால் வண்டி அங்கேயே நிற்கட்டும், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சத்தத்தோடு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கினாலும் அப்படித்தான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது முழுவதும் இறுக்காதீர்கள். கையால் நிறுத்திவிட்டு, வண்டியை இறக்கி, சக்கரங்கள் பாரம் தாங்கிய பிறகே கடைசி இறுக்கம். இல்லாவிட்டால் புது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எஞ்சின் மவுண்டும் அப்படித்தான்: எல்லா போல்ட்களையும் தளர்வாகப் போட்டு, எஞ்சினை லேசாக அசைத்து அதன் இயல்பான இடத்தில் உட்கார வைத்துவிட்டு இறுக்குங்கள். ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டால் ஆட்டம் குறையும், ஆனால் ஐடில் அதிர்வு முழுவதும் வண்டிக்குள் வரும். தினசரி ஓட்டும் காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றி, இரண்டாம் படியில் ஓட்டிய அதே இடத்தில், அதே மாதிரி நின்று கிளம்பிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. பணிமனையில் விடுவதாக இருந்தால், “சத்தம் வருது, பாருங்க” என்று சாவியைக் கொடுக்காமல், “முதல் கியரில் கிளட்ச் பிடிக்கும்போது வருகிறது, ரிவர்ஸில் வரவில்லை, தள்ளினால் வரவில்லை, வீடியோவில் எஞ்சின் பின்னால் போய் இடிக்கிறது” என்று எழுதிக் கொடுத்து, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். ரப்பரை விரலால் பிதுக்கினால் வெடிப்பு தெரிய வேண்டும்.